முகம் தெரிந்த தண்ணீர்

முள்ளம்பன்றி சடைச்சிக்குக் கோபம் வந்தால் காடே அறியும். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு சலசலவென்று சத்தம் போடும். எதிரில் நிற்பவர் தானாகவே தள்ளி நின்றுகொள்வார்.

அன்று காலையில் அந்தச் சத்தம் குன்றடிக் காடு முழுவதும் கேட்டது.

அவளுடைய ஒரே குட்டி பொட்டுவுக்கு வயிற்றுப்போக்கு. குடித்த தண்ணீர் வயிற்றில் நிற்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது. பொட்டுவின் முதுகு முள் இன்னும் முற்றவில்லை, முடி மாதிரி மெத்தென்று இருக்கும். அதுவும் இப்போது வாடிப்போய்ப் படுத்துவிட்டது.

மேல் கிளையிலிருந்து மைனா எட்டிப் பார்த்தது.

"கண்ணு பட்டிருக்கும்டி சடைச்சி! நேத்து புள்ளைய வாசல்ல விட்டு விளையாட விட்டியே!"

"யார் கண்ணு? காலையில இருந்து எங்க வீட்டையே பார்த்துக்கிட்டு இருக்கிறது நீ ஒருத்திதான்!"

"ஐயோ, நான் நல்லதுக்குச் சொன்னேன்!"

"நல்லதுக்குச் சொல்றவ இறங்கி வந்து புள்ளைக்கு விசிறு!"

மைனா இறங்கி வந்தது. வாய் இருந்தாலும் மைனாவுக்கு மனசு உண்டு.

அந்த நேரத்தில் பக்கத்து வளையிலிருந்து முயல் செவந்தி வந்தாள். அவளுக்குப் பேச்சே குறைந்துபோயிருந்தது. அவளுடைய கடைக்குட்டி இதே மாதிரி வயிற்றுப்போக்கில்தான் போன வாரம் செத்துப்போனான்.

"அக்கா, இவனுக்கும் அதே மாதிரியேதான் இருக்கு" என்றாள் செவந்தி.

சடைச்சி பிள்ளையின் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

இந்தக் காட்டில் எல்லார் வீட்டிலும் பானை உண்டு, அடுப்பு உண்டு. தண்ணீர் மட்டும் எல்லாருக்கும் ஒரே இடத்திலிருந்துதான் வரும். குன்றின் மேலே ஒரு சுனை. அங்கிருந்து மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கிக் கீழே ஒரு கல்தொட்டியில் விழும். தொட்டிக்குக் காவலர் மயில் பீலிநாதர்.

மழை பெய்தால் தண்ணீர் கலங்கி வரும். அது எந்தக் காட்டிலும் உள்ளதுதான். பீலிநாதர் ஒரு தேற்றாங்கொட்டையை எடுத்து ஈரக் கல்லில் உரசுவார். உரசும்போது வருகிற பால் போன்ற கரைசலைத் தொட்டியில் ஊற்றிக் கலக்கி விடுவார். கொஞ்ச நேரம் போனால் கலங்கலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிந்துவிடும். மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும்.

அப்போது பீலிநாதர் தொட்டிக்குள் குனிந்து பார்ப்பார். கழுத்தை இப்படித் திருப்புவார், அப்படித் திருப்புவார். கொண்டையைச் சரிசெய்துகொள்வார். பிறகுதான் அறிவிப்பு.

"என் முகம் தெரிகிறது! எல்லாரும் மொண்டுகொள்ளலாம்!"

முன்பெல்லாம் அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொதிக்கவைத்துத்தான் குடித்தார்கள். பீலிநாதர் காவலுக்கு வந்ததும் அதை நிறுத்திவிட்டார். "முகம் தெரிகிற தண்ணீருக்கு எதற்கு அடுப்பு? மழைக்காலத்தில் விறகு கிடைப்பதே கஷ்டம். வீண் புகை வேறு, என் தோகை கருக்கிறது!" என்றார். ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணெரிந்து கிடந்தவர்களுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. சரி என்று விட்டுவிட்டார்கள்.

சடைச்சி நேராகத் தொட்டிக்குப் போனாள்.

"ஐயா, எங்க புள்ளைக்கு வயித்தால போகுது. செவந்தி புள்ள செத்தே போச்சு. இந்தத் தண்ணியில ஏதோ கோளாறு இருக்கு!"

பீலிநாதர் தோகையை விரித்தார். "தண்ணீரில் கோளாறா? பார், உன் முகம் தெரிகிறதா இல்லையா?"

"தெரியுது."

"முள் முள்ளாகத் தெரிகிறதா?"

"தெரியுது!"

"அப்புறம் என்ன? செவந்தியிடம் துக்கம் கேட்கப் போனபோதே சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு விதித்த நேரம் அவ்வளவுதான். நாம் என்ன செய்ய முடியும்?"

"நேரமா? நல்லா ஓடிக்கிட்டிருந்த புள்ளைக்கு நேரமா?"

முள் சலசலத்தது. பீலிநாதர் மெல்ல நகர்ந்துகொண்டார். குரலையும் தாழ்த்தினார்.

"உன்னிடம் சொல்வதற்கு என்ன! அந்தக் காட்டுப்பன்றி மொக்கையன் இருக்கிறானே, அவன்தான் மேலே போய்ச் சேற்றில் புரள்கிறான். தண்ணீர் கலங்குவது அவனால்தான். கேட்க வேண்டியதை அவனிடம் போய்க் கேள்!"

போதாதா சடைச்சிக்கு! அடுத்த நிமிஷம் அவள் மொக்கையன் வீட்டு வாசலில் நின்றாள்.

"வெளிய வாடா, சேத்துல பொறந்தவனே!"

மொக்கையன் வாயில் கோரைக்கிழங்கோடு வெளியே வந்தான். "காலங்காத்தால என்ன தங்கச்சி, வசவு பலமா இருக்கு?"

"தங்கச்சியாம் தங்கச்சி! நீ புரள்றதுக்கு எங்க குடிதண்ணிதான் கிடைச்சுதா? என் புள்ள அங்க கெடந்து துவளுது!"

மொக்கையன் கிழங்கைத் துப்பினான். அவனுக்கும் கோபம் வரும்.

"யார் சொன்னா? அந்த விசிறிவாலனா? இந்தா பாரு, நான் புரள்றது இதோ இந்தப் பள்ளத்துல. மேல ஏற எனக்கு மூச்சு வாங்கும். சரி, நான்தான் கலக்குறேன்னே வெச்சுக்க. நம்ம குன்று பூராவும் என்ன மண்ணு?"

"செம்மண்ணு."

"என் முதுகுல ஒட்டியிருக்கிறது?"

"செம்மண்ணு."

"அப்போ நான் கலக்கினா உன் பானைக்கு அடியில செம்மண்ணுதானே படியணும்? போய்ப் பாரு! செம்மண்ணா இருந்தா திரும்பி வா, வந்து உன் முள்ளெல்லாத்தையும் என் மூஞ்சியிலயே குத்து. நான் நகரவே மாட்டேன்!"

அவள் எப்போதும் பானையின் மேலேதான் பார்த்திருக்கிறாள். அடியில் என்ன படிகிறது என்று பார்த்ததே இல்லை. மேலே மொண்டு எடுத்துவிட்டு மிச்சத்தை வேலியோரம் கவிழ்த்துவிடுவதுதான் வழக்கம்.

வீட்டுக்கு ஓடினாள். பானையை ஆடாமல் சாய்த்து, தெளிந்த தண்ணீரை வடித்தாள். அடியில் கையை விட்டு வழித்து எடுத்தாள்.

செம்மண் கொஞ்சம் இருந்தது. அதற்கு மேல் கன்னங்கரேலென்று ஒரு வண்டல், விரலில் வழவழவென்று ஒட்டியது. அதில் மூன்று நான்கு பழுப்பு மயிர். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். அழுகிய நாற்றம் அடித்தது.

"இதையா நான் என் புள்ளைக்கு ஊத்துனேன்!"

தூக்கிப் போட்டாள் பானையை. அது வேலியில் மோதிச் சில்லுச் சில்லாக உடைந்தது. மைனா விசிறுவதை நிறுத்திவிட்டுப் பேந்தப் பேந்த விழித்தது.

"செவந்தி! இனிமே தொட்டித் தண்ணி ஒரு சொட்டு இவன் வாயில படக்கூடாது. மழை தூறுது பாரு. உன் பானைய நல்லாக் கழுவி வானத்துக்கு நேரா வையி. விழுற தண்ணியைத் தளதளன்னு கொதிக்க வெச்சு, ஆறினதும் துளி உப்பும் கொஞ்சம் கருப்பட்டியும் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா வாயில விடு. வாந்தி எடுத்தாலும் விடாத, மறுபடியும் குடு."

"நீ எங்கக்கா போற?"

"மேல!"

மூங்கில் குழாயைப் பிடித்துக்கொண்டே சடைச்சி குன்றில் ஏறினாள். பாறை வழுக்கியது. ஏற ஏற நாற்றம் கூடியது. சுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

சுனைக்கரையில் கழுதைப்புலி கருவாயன் காலை நீட்டிப் படுத்திருந்தான். சுனைக்குள்ளே பாதிக் கடமான் கிடந்தது. மிதக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கல் வேறு வைத்திருந்தது.

"யாரு, சடைச்சியா? கறி வேணுமா? நீதான் கிழங்கு திங்கிற சாதியாச்சே!"

"என்னடா இது?"

"கடமான். ஒரே மூச்சுல தின்னு முடிக்க முடியுமா? சுனைத் தண்ணி சில்லுன்னு இருக்கும். உள்ள அமுக்கி வெச்சா நாள்பட நிக்கும். எங்கப்பாரு காலத்துப் பழக்கம்."

"உங்கப்பாரு இந்தச் சுனையிலயா வெச்சாரு?"

"இல்ல. அவரு குன்றுக்குப் பின்னாடி அந்தப் பாழுங்குட்டையில வெப்பாரு. அது தூரம். எனக்கு முட்டி வலிக்குது."

சடைச்சி அவன் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

"முட்டி வலியா? உன் முட்டி வலிக்காகக் கீழ புள்ளைங்க சாகுதுடா!"

"என் கறியத் தின்னா செத்துச்சு?"

"உன் கறி ஊறின தண்ணியக் குடிச்சு!"

"அப்படி இருந்தா மயிலய்யா சொல்லியிருப்பாரே!" என்றான் கருவாயன். "அவருக்குத் தெரியுமே! போன மழைக்கு வந்து பார்த்துட்டு, 'மேலே மிதக்க விடாதே, ஆழத்தில் வை, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்' அப்படின்னாரு. நல்ல மனுசன். அவரு காவலுக்கு வர்றதுக்காக மத்த மயில எல்லாம் விரட்டிவிட்டது நான்தானே, அந்த விசுவாசம்!"

சடைச்சியின் முள் சத்தம் நின்றுபோனது. அந்தச் சத்தம் நின்றால்தான் இன்னும் அதிகமாகப் பயப்பட வேண்டும். கருவாயனுக்கு அது தெரியாது. அவன் கொட்டாவி விட்டான்.

கல்லைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. அவள் ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை. இறங்கி வந்தாள். வரும்போது வேலியோரம் கிடந்த கருப்பு வண்டலை ஒரு தேக்கிலையில் வழித்து எடுத்துக்கொண்டாள்.

தொட்டியடியில் கூட்டம் கூடியிருந்தது. பீலிநாதர் கல்மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"... ஆகவே மொக்கையன் குடும்பத்தைக் காட்டைவிட்டு விலக்குவதே நல்லது! தொட்டித் தண்ணீரைக் கலக்குகிறவர்களுக்கு இங்கே இடமில்லை!"

"ஆமாம்! விரட்டுங்கள்!" என்று கூட்டம் கத்தியது. மொக்கையனும் அவன் பிள்ளைகளும் ஓரமாகத் தலையைக் குனிந்து நின்றார்கள்.

சடைச்சி இலையை விரித்துக் காட்டினாள். "இது செம்மண்ணா, பாருங்க! மேல சுனையில கருவாயனோட கடமான் அழுகிக் கெடக்குது. இவருக்கு அது தெரியும்!"

"பொய்!" என்றார் பீலிநாதர். "கோபத்தில் உளறுகிறாள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத தாய், பாவம், மன்னித்துவிடுங்கள். எல்லாரும் தொட்டியைப் பாருங்கள்! தெளிந்த தண்ணீர்! ஆளுக்கு ஆள் முகம் தெரிகிற தண்ணீர்!"

கூட்டம் தொட்டியைப் பார்த்தது. தண்ணீர் கண்ணாடியாகத்தான் இருந்தது. எல்லாரும் சடைச்சியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

கத்தினால் எடுபடாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இலையைக் கீழே வைத்தாள். ஒரு கிண்ணத்தை எடுத்துத் தொட்டியில் மேலாக மொண்டாள். இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

"தப்பாப் பேசிட்டேன் ஐயா. கோபத்துல வாய் நீண்டுடுச்சு. ரொம்ப நேரமாப் பேசுறீங்க, தொண்டை காஞ்சிருக்கும். ஒரு வாய் குடிங்க."

பீலிநாதர் கிண்ணத்தைப் பார்த்தார். "தாகம் இல்லை."

"ஒரு மடக்கு போதும் ஐயா."

"இன்று எனக்கு விரதம்."

"விரதத்துல தண்ணி குடிக்கலாமே! நான்கூட குடிப்பேனே!" என்றது மைனா.

"எனக்குச் சளி. பச்சைத் தண்ணீர் ஆகாது."

"தினமும் இதே கல்லுமேல நின்னு, பாறைக் குழியில தேங்குற மழைத் தண்ணிய மடக்கு மடக்காக் குடிக்கிறீங்களே! அது வெந்நீரா?" என்றது மைனா. கிளையில் உட்கார்ந்து ஊரைப் பார்க்கிறவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டா!

யாரும் இப்போது தொட்டியைப் பார்க்கவில்லை. எல்லாரும் பீலிநாதரின் அலகைப் பார்த்தார்கள்.

அப்போது செவந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தோளில் பொட்டு கிடந்தான். அவனைச் சடைச்சியிடம் கொடுத்தாள். சடைச்சி கையிலிருந்த கிண்ணத்தை அவள் வாங்கினாள்.

"எங்க கடைக்குட்டிக்குத் தண்ணின்னா உசுரு. அன்னைக்கும் கேட்டான். முகம் தெரியுதுன்னு நீங்க சொன்னீங்க. நான் மொண்டு குடுத்தேன். அவன் மறுபேச்சுப் பேசாம குடிச்சான். இப்ப நான் சொல்றேன். குடிங்க."

பீலிநாதர் திரும்பி ஓடப் பார்த்தார். தோகை கிண்ணத்தைத் தட்டிவிட்டது. தண்ணீர் கல்லில் கொட்டியது. தன் மேல் ஒரு துளி தெறித்ததற்கே அவர் எகிறிக் குதித்தார்.

வேறு சாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை.

"ஆழத்தில் வைத்தால் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன்!" என்று அலறினார் பீலிநாதர். "எடுக்கச் சொன்னால் கருவாயன் கோபித்துக்கொள்வான்! தேற்றாங்கொட்டையை இன்னும் அதிகமாக உரசித் தண்ணீரைத் தெளியவைத்தேனே! தெளிந்திருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று..."

"கேக்கமாட்டாங்கன்னு!" சடைச்சியின் முதுகில் ஒவ்வொரு முள்ளும் எழுந்து நின்றது. "அழுக்கு போகணும்னு நீ உரசல. அழுக்கு எங்க கண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னு உரசியிருக்க! கலங்கலாவே விட்டிருந்தா நாங்க காய்ச்சியாவது குடிச்சிருப்போமேடா பாவி!"

பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

வேலை ஆரம்பித்தது. மொக்கையனும் அவன் பிள்ளைகளும் முன்னால் ஏற, காடே பின்னால் ஏறியது. "என் கறி! என் கறி!" என்று கருவாயன் பல்லைக் காட்டினான். இத்தனை பேரும் ஒன்றாக வருவதைப் பார்த்ததும் பல்லை மூடிக்கொண்டான். பன்றிகள் கல்லைப் புரட்டிக் கடமானைக் கரையில் இழுத்துப் போட்டன. முட்டி வலித்தாலும் வலிக்காவிட்டாலும் கருவாயனே அதைப் பாழுங்குட்டை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். இரண்டு பக்கமும் பன்றிகள் துணைக்குப் போயின.

சுனையை இறைத்துக் கொட்டினார்கள். புதுத் தண்ணீர் ஊறி, குழாய் வழியாக நெடுநேரம் வீணாக ஓடட்டும் என்று விட்டார்கள். கல்தொட்டியின் அடி வண்டலை அள்ளி, மணல் போட்டுத் தேய்க்கும் வேலை பீலிநாதருக்கு. காவல் பதவி போய்விட்டது. தோகை முழுவதும் கருப்புச் சேறு.

தேற்றாங்கொட்டை மேல் யாருக்கும் கோபம் இல்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மண்ணை அடியில் இறக்குவதுதான் அதன் வேலை. நோயைக் கொல்வது அடுப்பின் வேலை. இப்போது ஒவ்வொரு வீட்டிலும் தொட்டித் தண்ணீரை நாலாக மடித்த துணியில் வடிகட்டுகிறார்கள், கொட்டையை உரசித் தெளியவைக்கிறார்கள், ஆடாமல் மேல் தண்ணீரை மட்டும் இறுத்து, கொப்புளம் கொப்புளமாகக் கொதித்த பிறகு மூடி வைக்கிறார்கள். இறுத்ததும், அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னாலேயே, அடி மிச்சத்தில் விரலை விட்டுப் பார்க்கிறார்கள். நிறம் மாறியிருந்தாலோ நாற்றம் இருந்தாலோ அந்தத் தண்ணீரை அடுப்பில் ஏற்றுவதில்லை. யாராவது ஒருவர் மேலே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

உப்பும் கருப்பட்டியும் போட்ட தண்ணீர் பொட்டுவின் வயிற்றில் நிற்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, கஞ்சி!" என்றான். சடைச்சி கிண்ணத்தைத் தேடி எடுப்பதற்குள், "எவ்வளவு நேரம்!" என்று அவனுடைய மெத்தென்ற முள்ளைச் சிலிர்த்துக் காட்டினான்.

"பாருடி, அம்மாவ மாதிரியே!" என்று மைனா சிரித்தது.

பக்கத்து வளையில் செவந்தி பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். கை வழக்கத்தில் எல்லாக் கிண்ணங்களையும் வரிசையாக வைத்தாள். பிறகு கடைசிக் கிண்ணத்தை எடுத்துத் திரும்பவும் உள்ளே வைத்தாள். அதைப் பார்த்த சடைச்சியின் முள் அன்று முழுவதும் அடங்கவே இல்லை.

தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் ஆகிவிடாது. அடியில் என்ன படிகிறது, மேலே எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், பார்க்க வேண்டாம் என்று சொல்கிறவர்மேல் கோபப்படத்தான் வேண்டும்.